துண்டுத்துணிக்கும் ஒரு தரம் உண்டு

ரப்பர் தோட்டம் மிச்சம் மீதியை வீணாக விட்டதில்லை. விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்பு முடிந்து, நிரை பிடித்து மரம் வெட்டி, வாளியில் பால் எடுத்துப் போன பிறகும் மரம் சொட்டிக்கொண்டுதான் இருக்கும். அந்தப் பால், அதை ஏந்தும் மங்கிலேயே உறைந்து கட்டியாகும். வெட்டுக்கோட்டில் வழிந்தது காய்ந்து இழையாகப் பட்டையோடு ஒட்டிக்கொள்ளும். மறுமுறை வெட்ட வருகிறவர் முதலில் அந்த இழையை உரித்து, கட்டிப்பாலைப் பெயர்த்து, பையில் போட்ட பிறகுதான் உளியை வைப்பார். ஸ்டோரில் அதற்குத் தனி எடை, தோட்ட எழுத்தரான கிராணியின் புத்தகத்தில் தனிக் கணக்கு, கூலியிலும் தனி விகிதம். ஒரு தோட்டத்தின் விளைச்சலில் பதினைந்து இருபது விழுக்காடு இப்படி உறைந்த துண்டுகளாகவே வந்தது. அவற்றைக் கழுவி, ஆலையில் அரைத்து, பழுப்பு நிறத் தாளாக்கி விற்றார்கள். 1965இல் மலேசியா தனது ரப்பரைக் கண்ணால் பார்த்துத் தரம் பிரிக்கும் பழைய முறையோடு நிற்காமல், சோதனைச்சாலையில் அளந்து தரம் குறிக்கும் முறையைக் கொண்டுவந்தது. அதன்பின் கட்டிப்பாலிலிருந்து செய்த கட்டி ரப்பரே டயர் ஆலைகள் கேட்டு வாங்கும் சரக்காயிற்று. துண்டின் இயல்பு மாறவில்லை. அதைப் பிரித்து, கழுவி, கலந்து, தரம் குறித்ததால் மதிப்பு வந்தது.

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் இருந்த அத்தகைய தோட்டங்களில், அதே பால்வெட்டுத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில், இன்னொரு வகைத் துண்டும் சேர்ந்துகொண்டே இருந்தது. அது துணி. கட்ட முடியாமல் நைந்த புடவை ஆயாக் கொட்டகையில் குழந்தைக்குத் தூளியானது. கிழிந்த கைலி தலைக்கட்டாகவும் கைத்துணியாகவும் ஆனது. கொசுவுக்கும் பனிக்கும் பயந்து வேலைக்குப் போகும்போது ஒன்றின்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்ட பழைய சட்டைகள், பால் பட்டுக் கறுத்து விறைத்த பின்னும் ஒட்டுப்போட்டு உழைத்தன. ஜப்பானியர் ஆட்சியில், 1942 முதல் 1945 வரை, இறக்குமதித் துணி நின்றுபோனபோது மலாயாவில் சாக்கைத் தைத்து உடுத்த வேண்டிய நிலை வந்தது. துணியின் ஒவ்வொரு சாணுக்கும் இருந்த பயனைத் தோட்டத்துப் பெண்கள் அறிந்திருந்தார்கள். ஆனால் அந்த அறிவுக்குத் தராசும் இல்லை, புத்தகமும் இல்லை, கூலி விகிதமும் இல்லை. உறைந்த பாலுக்குக் கிடைத்த மரியாதை, மீந்த துணிக்கும் அதைச் சேர்த்துத் தைத்த கைக்கும் கிடைக்கவில்லை. துண்டுத்துணிகளை இணைத்துச் செய்யும் ஒட்டுப்போர்வையை வறுமையின் அடையாளமாகவோ ஓய்வுநேரப் பொழுதுபோக்காகவோ பார்ப்பது தவறு. அது விதிமுறையும் கணக்கும் கொண்ட தொழில்திறன். ரப்பர் வணிகம் கட்டிப்பாலுக்குச் செய்ததை நாம் துண்டுத்துணிக்குச் செய்ய வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

இதை நெகிரி செம்பிலானை முன்வைத்துச் சொல்லக் காரணம் உண்டு. சிரம்பான், போர்ட்டிக்சன், ரந்தாவ், லிங்கி, லாபு, பகாவ் என்று இந்த மாநிலத்தின் தமிழ் வாழ்க்கை தோட்டங்களில்தான் வேர்விட்டது. பின்னர் ரப்பர் போய் செம்பனை வந்தது. நீலாய், சிரம்பான், செண்டாயான் பக்கங்களில் தோட்ட நிலம் வீடமைப்புப் பகுதியாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறியது. லயத்து வீடு தொழிலாளியின் சொத்து அல்ல, நிலமும் அவருடையதல்ல. வேலை போனால் வீடும் போயிற்று. வெளியேறிய குடும்பம் தன்னோடு எடுத்துச் செல்ல முடிந்தது பாத்திரம், சாமிப்படம், கொஞ்சம் நகை, மூட்டை கட்டிய துணி, அவ்வளவுதான். சுவா பெத்தோங், அத்தர்டன் போன்ற தோட்டப் பெயர்களைத் தமிழ்ப்பள்ளிகள் இன்றும் தாங்கி நிற்கின்றன. பெயரைப் பள்ளி காப்பதுபோல, அந்த வீடுகளின் அன்றாடத்தைக் காக்கக்கூடிய பொருள்களில் துணியும் ஒன்று. கலியாணப் புடவையைப் பெட்டியில் வைத்துக் காக்கிறோம். பாட்டி தினமும் கட்டிய நூல் புடவையை அவர் போன மறுவாரமே வெளியே போட்டுவிடுகிறோம். உழைப்பின் சாட்சி இரண்டாவது துணியில்தான் இருக்கிறது.

ஒட்டுப்போர்வை என்றால் கிடைத்ததைக் கிடைத்த இடத்தில் ஒட்டுவது என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் முதல் வேலை பிரித்தெடுப்பது. துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இழை நைந்த இடம் சல்லடையாகத் தெரியும். அந்தப் பகுதி போர்வைக்கு ஆகாது. சட்டையில் கழுத்தும் மணிக்கட்டும் முழங்கையும் முதலில் போகும், முதுகுப்புறம் நன்றாக இருக்கும். கால்சட்டையில் முழங்காலும் இருக்கையும் தேயும், முழங்காலுக்குக் கீழே பின்பக்கம் உறுதியாக நிற்கும். புடவையில் கால்பக்க ஓரம் அறுந்துபோயிருந்தாலும், இடுப்பில் செருகும் உள்முனையும் முந்தானையும் புதிதுபோல் இருப்பதுண்டு. அடுத்தது இழையைப் பிரிப்பது. பருத்தியைப் பருத்தியோடு சேர்க்க வேண்டும். பாலியஸ்டரும் ஜார்ஜெட்டும் வழுக்கும், சூட்டில் சுருங்கும். பின்னல் துணியான டி-சர்ட் இழுபடும். நெய்த துணியோடு சேர்த்தால் தையல் அலைபாயும். கனத்த ஜீன்ஸ் துணியை மெல்லிய வாயில் புடவையோடு இணைத்தால் சில சலவைகளில் கனத்தது மெல்லியதைக் கிழித்துவிடும். எல்லாத் துண்டையும் தைக்குமுன் துவைத்தாக வேண்டும், ஏனென்றால் புதுத்துணி பின்னர் சுருங்கிப் போர்வையைச் சுருட்டிவிடும். சாயம் விடும் பாத்தேக்கையும் அடர்சிவப்புத் துணியையும் ஈரமாக வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்க்க வேண்டும். கறை பட்டால் அது வெளிர்நிறத் துண்டுகளுக்கு அருகில் இடம்பெறக் கூடாது. கட்டிப்பாலிலிருந்து மண்ணையும் பட்டையையும் நீக்குவதும் இதுவும் ஒரே நோக்கமுள்ள வேலை: கலப்படத்தை முன்கூட்டியே வெளியேற்றாவிட்டால் இறுதிப் பொருள் நிற்காது.

இரண்டாவது அறிவு கணக்கு. ஒருவர் படுக்கும் கட்டிலுக்கு 60 அங்குல அகலம், 84 அங்குல நீளம் உள்ள போர்வை போதும். தைத்த பின் 6 அங்குலம் வரும் சதுரங்களாக இட்டால் குறுக்கே 10, நெடுக்கே 14, மொத்தம் 140 துண்டுகள். சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்குள் போகும் என்பதால் ஒவ்வொன்றையும் ஆறரை அங்குலமாக வெட்ட வேண்டும். வெட்டிய பரப்பில் 15 விழுக்காடு தையலுக்குள் மறைந்துவிடும். அதே போர்வையை 3 அங்குலச் சதுரங்களால் செய்தால் 560 துண்டுகள் வேண்டும், வெட்டிய பரப்பில் நாலில் ஒரு பங்குக்கும் மேல் தையலுக்குள் போகும். துண்டு சிறுத்தால் அழகு கூடலாம், ஆனால் துணிச் சேதமும் உழைப்பும் கூடுகின்றன. கையளவு துண்டைக்கூட விடாமல் எல்லாவற்றையும் சின்னச் சதுரமாக நறுக்குவது சிக்கனம் அல்ல. பெரிய துண்டைப் பெரியதாகவே விட்டு, சிறியவற்றை நீளப் பட்டைகளாகக் கோத்து, பட்டைகளை அருகருகே இணைப்பதுதான் சிக்கனம். ஒரு நடுச் சதுரத்தைச் சுற்றிப் பட்டைகளை ஒவ்வொரு பக்கமாகச் சேர்த்துக்கொண்டே போகும் முறையில் பல அகலத் துண்டுகளுக்கும் இடமுண்டு. ஒழுங்கே இல்லாத முக்கோணத் துணுக்குகளை, நைந்தும் கிழியாத ஒரு கைலித் துணியை அடியில் விரித்து, அதன்மேல் வைத்துத் தைத்துவிட்டு பிறகு சதுரமாக நேர்செய்யலாம். அடித்துணிக்குப் புதிதாக எதுவும் வாங்கத் தேவையில்லை. ஐந்தரை மீட்டர் நூல் புடவையை இரண்டேகால் மீட்டர் நீளத்தில் இரண்டாக வெட்டி பக்கம் பக்கமாக இணைத்தால் அடித்துணி முழுதும் கிடைத்துவிடும். மீதமாகும் ஒரு மீட்டர் ஓரப்பட்டிக்கு ஆகும்.

மூன்றாவது அறிவு நிறம். பல வண்ணங்கள் கூடினால் கண்ணை உறுத்தும் என்ற அச்சம் பலருக்கு இருக்கிறது. அனுபவமுள்ள கைகள் சிவப்பா பச்சையா என்று பார்ப்பதைவிட, வெளிறியதா அடர்ந்ததா என்றே முதலில் பார்க்கும். துண்டுகளை வெளிர், நடு, அடர் என்று மூன்று குவியலாக வைத்து, வெளிருக்கு அடுத்து அடர் வரும்படி அடுக்கினால், நூறு வேறுபட்ட பூப்போட்ட துணிகளும் ஒரே திட்டத்துக்குள் அடங்கும். மலேசியத் தமிழ் வீட்டில் இந்தக் குவியல்கள் தாமாகவே சேர்கின்றன. பள்ளிச் சட்டையின் வெள்ளை வெளிர். இடைநிலைப்பள்ளிச் சீருடையின் நீலப்பச்சையும் பச்சையும் நடு. தொடக்கப்பள்ளியின் கருநீலம் அடர். தீபாவளிக்கு ரவிக்கை தைத்த கடையில் விழுந்த வெட்டுத்துணி, பாத்தேக் கைலியின் கரை, சுடிதாரின் துப்பட்டா ஆகியவை அவற்றுக்கிடையே உயிர் சேர்க்கும். அண்டை மலாய்க் கம்பங்களில் ‘காயின் பெர்ச்சா’ என்று அழைக்கும் துண்டுத்துணிகளால் கால்மிதியும் உறையும் தைக்கும் பழக்கம் இருப்பதால், இந்த வேலை அயல்வீட்டோடு பகிர்ந்துகொள்ளக் கூடிய ஒன்றாகவும் இருக்கிறது.

மறுப்புகளுக்கு வருவோம். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த நாட்டில் போர்வை எதற்கு என்பது முதல் கேள்வி. குளிர்நாட்டுப் போர்வையைப்போல நடுவில் தடித்த பஞ்சு வைத்துத் தைத்தால் இந்தக் கேள்வி முழுக்க நியாயம். அது இங்கே காய நாளாகும், பூஞ்சை பிடிக்கும், வாடை வரும். ஆனால் ஒட்டுப்போர்வைக்குப் பஞ்சு கட்டாயமில்லை. வங்காளத்தின் காந்தா, நைந்த புடவைகளை அடுக்கி, புடவைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே ஓட்டுத்தையல் போட்டுச் செய்யும் மெல்லிய போர்வை. நம்மை ஒத்த ஈரக்காற்று வீசும் நிலத்தில் உருவான முறை அது. மேலே துண்டுகள், கீழே புடவை என்று இரண்டு அடுக்கு மட்டும் வைத்தால் ஒரே வெயிலில் காயும். அது விடியற்காலைக் குளிருக்கும், குளிரூட்டிய அறைக்கும், பாயின்மேல் விரிப்புக்கும், கைக்குழந்தைக்கும் பொருந்தும். கடையில் மலிவாக மென்போர்வை கிடைக்கிறதே என்பார்கள். அது பெரும்பாலும் பாலியஸ்டர்; வியர்வையை உறிஞ்சாது. கிழிந்தால் சரிசெய்ய வழியில்லாமல் குப்பைக்குப் போகும். ஒட்டுப்போர்வையில் நைந்த ஒரு சதுரத்தின்மேல் இன்னொரு சதுரத்தை வைத்துத் தைத்துவிடலாம். பழுதுபார்க்க முடியும் என்பது அதன் அமைப்பிலேயே இருக்கிறது.

இரண்டாவது மறுப்பு ஆழமானது; அது வெட்கத்திலிருந்து எழுவது. ஒட்டுப்போட்ட துணியில் பிள்ளைகளை வளர்த்த தலைமுறை, பேரப்பிள்ளைகள் மறுபடி ஒட்டுத்துணியைத் தொடக்கூடாது என்று விரும்புவதில் ஒரு நீதி இருக்கிறது. இல்லாமை தந்த வலியை அழகு என்று மெழுகிவிட யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் வலியோடு சேர்த்துத் திறமையையும் மறைத்துவிடுவது அந்தத் தலைமுறைக்குச் செய்யும் இரண்டாவது அநீதி. இதற்கு இன்னொரு தோட்ட மக்களின் வரலாறு துணை நிற்கிறது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஆற்று வளைவில் இருக்கும் கீஸ் பெண்ட், பருத்தித் தோட்டமாக இருந்த இடம். அங்கே அடிமைகளாக உழைத்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள், வேலைக்குப் போட்டுத் தேய்ந்த ஆடைகளைக் கிழித்துப் போர்வை தைத்தார்கள். 1966இல் அந்த வட்டாரப் பெண்கள் கூட்டுறவு அமைத்து விற்கத் தொடங்கினார்கள். 2002இல் அந்தப் போர்வைகள் ஹியூஸ்டன் நகரின் நுண்கலை அருங்காட்சியகத்திலும் பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் ஓவியங்களுக்குரிய மரியாதையோடு சுவரில் ஏறின. 2006இல் அமெரிக்க அஞ்சல்துறை அவற்றைத் தபால்தலைகளாக வெளியிட்டது. மிசூரி பெட்வே என்ற பெண் 1942இல் இறந்துபோன கணவரின் வேலையுடுப்புகளால் தைத்த போர்வை இன்று வாஷிங்டனின் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. தேய்ந்த முழங்காலும் வெளுத்த நிறமும் அதில் மறைக்கப்படவில்லை. அவைதான் அந்த வேலைப்பாட்டின் வலிமை. இறந்தவர் துணியை வீட்டில் வைக்கலாமா என்று நம்மிடையே கேட்போருக்கும் அந்தப் போர்வை ஒரு பதில் சொல்கிறது: துயரத்தைக் கையில் எடுத்து வேலை செய்வதும் ஒரு மரியாதைதான்.

அமெரிக்கா தூரம் என்றால் கர்நாடகம் பக்கம்தான். உத்தர கன்னட மாவட்டத்தில் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி மக்கள் பழந்துணியால் ‘கவந்த்’ என்னும் போர்வை தைக்கிறார்கள். ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி ஓட்டுத்தையல் போட்டு நடுவுக்கு வருவது அவர்கள் முறை. நான்கு மூலைகளிலும் ‘பூ’ என்று சொல்லும் மடிப்பு முக்கோணங்கள் இல்லாவிட்டால் போர்வை நிறைவடையாது என்பது அவர்கள் மரபு. பயன் மட்டும் நோக்கமென்றால் அந்தப் பூவுக்கு வேலையே இல்லை. இல்லாமைக்குள் இருந்தவர்களும் அழகுக்கு விதி வகுத்திருக்கிறார்கள் என்பதற்கு அது சான்று. அதற்கும் முன்னால், பௌத்தத் துறவியரின் சீவர ஆடை மகத நாட்டு வயல்வரப்புகளைப்போல் துண்டுகளாக இணைத்துத் தைக்கப்பட வேண்டும் என்று விநய நூல் விதித்தது. ஒட்டுத்துணி இழிவு என்ற எண்ணம் நம் நாகரிகத்தின் ஒரே குரல் அல்ல.

மூன்றாவது மறுப்பு சுற்றுச்சூழல் கணக்கு. ஒரு போர்வையில் எவ்வளவு குப்பை குறைந்துவிடும்? இதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும்: மிகக் குறைவு. மலிவு உடைகளை அளவின்றி வாங்கி, மீந்ததில் போர்வை தைத்தால் எந்த நன்மையும் இல்லை. ஒட்டுப்போர்வைக்கென்று புதுத்துணி வாங்கி நறுக்குவது இந்த வேலையின் அடிப்படையையே தலைகீழாக்குவது. ஆனால் பிரித்தெடுக்கும் பழக்கத்துக்கு எடையில் அடங்காத விளைவு உண்டு. 672ஆம் சட்டமான 2007ஆம் ஆண்டின் திடக்கழிவு, பொதுத்துப்புரவு மேலாண்மைச் சட்டம் நடப்பில் உள்ள மாநிலங்களில் நெகிரி செம்பிலானும் ஒன்று. 2015 செப்டம்பர் முதல் இங்கே வீட்டிலேயே குப்பையைப் பிரிப்பது கட்டாயம். துணியும் தனியாகப் பிரிக்கப்பட வேண்டியவற்றில் ஒன்று. சட்டம் பையைப் பிரிக்கச் சொல்கிறது. எந்தத் துணி பருத்தி, எது இன்னும் உழைக்கும், எது துடைதுணிக்கு மட்டும் ஆகும் என்று பிரிக்கத் தெரிந்த கை வேண்டாமா? ஒருமுறை போர்வைக்காகத் துணியைத் தரம் பார்த்தவர் அடுத்தமுறை கடையில் உடை வாங்கும்போதே இழையைத் தடவிப் பார்ப்பார். குப்பை உண்மையில் குறைவது அந்த இடத்தில்தான்.

நான்காவது மறுப்பு நேரமும் விலையும். 140 சதுரங்களை வெட்டி, இணைத்து, அடித்துணி வைத்து நூலோட்டி, ஓரப்பட்டி கட்டி முடிக்க ஆகும் மணிநேரத்தைக் கூலியாகக் கணக்கிட்டால் எந்தக் கடைப் போர்வையோடும் விலையில் போட்டியிட முடியாது. உண்மைதான். அதனால்தான் இதைப் ‘பெண்களுக்கு வீட்டிலிருந்தே கூடுதல் வருமானம்’ என்று இலேசாகப் பரிந்துரைப்பது தவறு. பெரும்பாலும் அதன் பொருள், அவர்கள் உழைப்பைப் பாதி விலைக்கு வாங்குவது என்பதாகவே முடியும். விற்பதானால் மணிநேரக் கூலியைச் சேர்த்து விலை வைக்க வேண்டும். அந்த விலைக்கு வாங்குவோர் இல்லையெனில், விற்காமல் வீட்டுக்கே தைத்துக்கொள்வது மேல். நேரத்தைக் குறைக்கவும் வழி உண்டு. கூடித் தைக்கும்போது ஒருவர் தரம் பிரிக்கலாம், ஒருவர் வெட்டலாம், ஒருவர் மிசினில் இணைக்கலாம், ஊசி கோக்க முடியாத முதியவர் நிற அடுக்கைச் சொல்லித் தரலாம். கோயில் மண்டபமும் பள்ளிப் பெற்றோர் சங்கமும் இதற்கு இடம் தர முடியும். கீஸ் பெண்ட் வட்டாரத்துப் பெண்கள் தனித்தனியாக விலை பேசாமல் கூட்டுறவாக நின்றது இதற்கும் பாடம். நெகிரி செம்பிலான் தோட்ட மக்களுக்கோ சங்கமும் கூட்டுறவும் புதியவை அல்ல. தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் 1954இலும், தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் அரசியல் தலைவர் துன் சம்பந்தன் முன்னெடுத்த தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் 1960இலும் தோன்றின. கூலியையும் நிலத்தையும் கூட்டாகக் கேட்கக் கற்ற சமூகம், கைவேலையின் மதிப்பையும் கூட்டாகக் கேட்கலாம்.

அதற்கு முதற்படி பதிவு. தைத்து முடித்த ஒவ்வொரு போர்வையின் பின்பக்க மூலையிலும் ஒரு வெள்ளைத் துண்டு வைத்து, தைத்தவர் பெயர், ஆண்டு, எந்தெந்தத் துணி யாருடையது, எந்தத் தோட்டத்தில் உடுத்தியது என்பதை நூலால் அல்லது அழியாத மையால் எழுத வேண்டும். கிராணியின் புத்தகத்தில் கட்டிப்பாலின் எடை ஏறியது, அதை உரித்தெடுத்த பெண்ணின் மற்ற உழைப்பு ஏறவில்லை. அந்த விடுபட்ட கணக்கை எழுத வேறு யாரும் வரப்போவதில்லை. அடுத்த படி தரம்: தையல் வகுப்புகள் புதுத்துணியில் ரவிக்கை வெட்டக் கற்றுத்தருவதோடு நிற்காமல், பழந்துணியைத் தரம் பிரிப்பதையும், கால் அங்குலத் தையலைப் பிசகாமல் ஓட்டுவதையும், வெளிர் அடர் அடுக்கையும் பாடமாக்க வேண்டும். மூன்றாவது, காட்சி: தோட்ட வரலாற்றைச் சொல்லும் கண்காட்சிகளில் உளி, மங்கு, வாளி ஆகியவற்றோடு ஒட்டுத்துணிக்கும் ஓர் இடம் வேண்டும். உளி முதலாளிக்குச் சம்பாதித்துக் கொடுத்த கருவி. ஊசியோ தொழிலாளி தன் வீட்டுக்காகப் பிடித்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் அந்த வாழ்க்கை முழுதாகத் தெரியும். மிச்சமாக உறைந்த பாலைத் தரம் பிரித்து உலகச் சந்தைக்கு அனுப்பிய நாடு இது. தன் துணியையும் அதைத் தைத்த கைகளையும் தரம் அறிந்து மதிக்க அதற்குத் தேவையான எல்லாப் பாடமும் அந்தத் தோட்டத்திலேயே இருந்தது.